விமானப் பராமரிப்பைக் கற்பிக்க வரும் போதனாசிரியருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் விமானப் பராமரிப்புப் பாடநெறியைத் தொடங்கினால், அதைக் கற்பிக்க முன்வரக்கூடியவர்கள் இரு திறத்தினராக இருப்பார்கள். விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் ஒரு திறத்தினர். மோட்டார்ப் பொறிமுறை, தகட்டு வேலை, மின்னியல் போன்ற பாடங்களை ஏற்கெனவே கற்பித்துவரும் போதனாசிரியர்கள் மறு திறத்தினர். இரு சாராரிடமும் கைத்திறன் நிறைந்திருக்கும். அதை மாணவருக்குக் கைமாற்றுவதே தமது வேலை என்றும் அவர்கள் இயல்பாக எண்ணுவார்கள். அந்த எண்ணத்தோடு வகுப்புக்குள் போவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விமானத்தில் கைத்திறன் இரண்டாவதாகவே வருகிறது. நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறக்கும் பழக்கமும், செய்ததையும் செய்யாமல் விட்டதையும் உள்ளபடி எழுதிக் கையொப்பமிடும் நேர்மையும் அதற்கு முன்னே வர வேண்டும். இவற்றை விரிவுரையாகச் சொல்லிப் பதிய வைக்க முடியாது; பட்டறையில் நடக்கும் ஒவ்வொரு பயிற்சிக்குள்ளும் புகுத்தித்தான் பதிய வைக்க முடியும்.

சேர்க்கும் நாளில் சொல்ல வேண்டியவை

சீனக்குடாவில் விமானப்படையின் கல்விக்கழகமும் ஓடுபாதையும் இருப்பதால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு விமானம் அந்நியப் பொருளன்று. அந்த நெருக்கத்தைப் பெற்றோர் வேலைவாய்ப்பு என்று கணக்கிட்டுவிடக் கூடாது. இலங்கையில் சிவில் விமானப் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் கட்டுநாயக்காவையும் இரத்மலானையையும் சுற்றியே இருக்கின்றன என்பதையும், பயிற்சி நிலையம் கொடுக்கும் சான்றிதழ் வேறு, சிவில் விமான சேவைகள் அதிகாரசபை வழங்கும் அனுமதிப்பத்திரம் வேறு என்பதையும் சேர்க்கை நாளிலேயே பெற்றோர் முன்னிலையில் தெளிவாகச் சொல்லுங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பின்படி, பராமரிப்பு அனுமதிப்பத்திரம் பெறுபவருக்குக் குறைந்தது 18 வயதும் நான்கு ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியை முடித்தவருக்கு இரண்டு ஆண்டு அனுபவம் போதும். ஆகவே உங்கள் பாடநெறி அங்கீகாரம் பெற்றதா, பெறாவிட்டால் அது எந்தத் தேசிய தொழிற்தகைமை மட்டத்துக்குரியது என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுப்பதே முறை. ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகள் இந்த ஒரு விவரத்தில் தங்கியிருக்கின்றன.

நேர அட்டவணை வகுக்கும்போது ஐரோப்பிய விதிமுறையை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் விசையாழி எஞ்சின் விமானங்களுக்கான பி1.1 வகையின் அடிப்படைப் பயிற்சி 2400 மணித்தியாலங்கள். அதில் பாதி முதல் அறுபது வீதம் வரை கோட்பாடு. சிறிய வழக்கமான வேலைகளுக்கான ஏ வகைக்கு 800 மணித்தியாலங்கள் போதும். அதில் கோட்பாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கோட்பாட்டு வகுப்பில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, செய்முறையில் 15 பேருக்கு ஒரு போதனாசிரியராவது இருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையின் எல்லைகள். நிலையத்தின் நிருவாகம் ஐம்பது பேரைச் சேர்க்கச் சொன்னால், இந்த எண்களைக் காட்டி மறுத்துவிடுங்கள். பதினாறாவது மாணவரின் கையைப் பார்க்க உங்களுக்குக் கண் மிஞ்சாது.

முதல் வாரம் கருவிகளுக்கு

முதல் வாரத்தில் எஞ்சினைத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு கருவியின் உருவமும் வெட்டப்பட்ட பலகையில் அதனதன் இடத்தில் கருவிகளை அடுக்கவும், காலையில் எண்ணிப் பொறுப்பேற்கவும், மாலையில் எண்ணி ஒப்படைக்கவும் மாணவர் பழக வேண்டும். ஒரு சிறு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை எவரும் பட்டறையை விட்டுப் போகக் கூடாது. கடைசி பஸ் போய்விடும் என்று மூதூர்ப் பிள்ளைகளும் கிண்ணியாப் பிள்ளைகளும் தவிப்பார்கள் என்பது உண்மைதான். அதற்காக விதியைத் தளர்த்தாமல், எண்ணிக்கையை அரை மணித்தியாலம் முன்னதாகத் தொடங்குங்கள். இறக்கைக்குள் மறந்துவிடப்பட்ட ஒரு கருவி கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் விமானி நெம்புகோலை அசைக்க முடியாமல் போகும் என்ற காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டால், மாணவர் இந்த ஒழுங்கைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கையேட்டை வாசிக்கப் பழக்குதல்

விமானக் கையேடுகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழ் மொழியில் க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டு வரும் மாணவர் பலர் அந்தப் பக்கங்களைக் கண்டு மலைத்து, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். இந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. அச்சத்தைப் போக்க ஒரு வழி உண்டு. பெரிய விமானங்களின் கையேடுகள் பெரும்பாலும் கட்டுப்படுத்தப்பட்ட எளிய ஆங்கிலத்தில், குறுகிய வாக்கியங்களில், வரையறுத்த சொற்களைக் கொண்டு எழுதப்படுகின்றன. ஆகவே இலக்கியம் வாசிக்கும் ஆங்கிலம் இதற்குத் தேவைப்படுவதில்லை. நாள்தோறும் ஒரு பக்கத்தை மாணவர் ஒருவர் உரத்து வாசிக்கட்டும். இன்னொருவர் அது கேட்பதைத் தமிழில் சொல்லட்டும். மூன்றாமவர் அதைச் செய்து காட்டட்டும். விளக்கம் தமிழிலேயே நடக்க வேண்டும், ஏனெனில் ஒரு பொறிமுறை ஏன் அப்படி இயங்குகிறது என்பதைப் பிள்ளை தன் மொழியில்தான் முழுமையாக யோசிக்கும். செயலோ கையேட்டின் சொல்லிலிருந்து விலகக் கூடாது. மனிதருக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில் ‘வோர்னிங்’ என்றும், பொருளுக்குச் சேதம் வரக்கூடிய இடத்தில் ‘கோஷன்’ என்றும் கட்டமிட்டு எழுதியிருப்பதை முதல் நாளிலிருந்தே பிரித்தறியச் செய்யுங்கள். அத்தியாய எண்களையும் கூடவே பழக்கலாம்: 27 பறப்புக் கட்டுப்பாடு, 28 எரிபொருள், 29 நீரியல், 32 தரையிறங்கு சக்கரத் தொகுதி. எந்த நிறுவனத்தின் விமானமானாலும் இந்த எண் மாறுவதில்லை.

கையேட்டைத் திறக்காமல் கண்ணளவில் ஒப்பிட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்ட, 1990 ஜூன் 10ஆம் திகதி நடந்ததை விரிவாகக் கற்பிக்கலாம். பிரிட்டனின் பேர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட பிஏசி 1-11 விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிடுங்கிக்கொண்டு போயிற்று. தலைமை விமானி இடுப்பளவுக்கு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். தலைமை விமானி உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி முந்திய நாள் அதிகாலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்களில் 84 போல்ட்களின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மீதி ஆறும் சரியான விட்டத்தோடு 0.1 அங்குலம் நீளம் குறைந்தவை. வேலை செய்தவர் அனுபவமுள்ள பொறுப்பாளர். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், களஞ்சியப் பெட்டியில் இருந்தவற்றோடு பொருத்திப் பார்த்து எடுத்துக்கொண்டார். கழற்றிய போல்ட்களே பிழையானவை என்பது அவருக்குத் தெரியாது. பாக விவரப் பட்டியலைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தக் கதையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். 0.164 அங்குலம், 0.190 அங்குலம் ஆகிய இரு விட்டமுள்ள திருகாணிகளை ஒரு தட்டில் கலந்து வைத்தால், விபத்தில் இருந்த அதே 0.026 அங்குல வித்தியாசம், அதாவது ஏறத்தாழ 0.66 மில்லிமீற்றர், உங்கள் மேசையில் கிடைத்துவிடும். பின்னேரம் விளக்கைப் போடாமல், கண்ணாலும் விரலாலும் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் உயர்தர வகுப்பில் பாவிக்கும் அதே நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கொடுத்து, பாக இலக்கத்தைப் பட்டியலில் தேடி மீண்டும் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், நீங்கள் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. அளவுக்கருவிகள் 20 பாகை செல்சியஸில் சரிபார்க்கப்படுபவை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்து சுட்ட கணிச்சியைக் கொண்டு நுண்ணளவு எடுக்கக் கூடாது.

அலகுகள், முறுக்கு, கம்பி, ரிவெட்

எங்கள் பாடசாலைக் கணிதம் முழுவதும் மெற்றிக். விமானத்தில் அங்குலமும் இறாத்தலும் இன்னும் வாழ்கின்றன. 1983 ஜூலை 23ஆம் திகதி கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து கிம்லியில் இறங்கியதற்கு, கிலோகிராம் வேண்டிய இடத்தில் இறாத்தல் கணக்கைப் போட்டதே காரணம். நட்டைக் குறித்த முறுக்களவுக்கு இறுக்கும் டோர்க் ரென்சில் இதே பிழை இன்னும் எளிதாக நேரும். ஓர் அடி-இறாத்தல் 12 அங்குல-இறாத்தல். ஒரு நியூட்டன் மீற்றர் ஏறத்தாழ 8.85 அங்குல-இறாத்தல். எண்ணை மட்டும் எழுதி அலகை எழுதாத விடைக்கு, எண் சரியாக இருந்தாலும், புள்ளி கொடுக்காதீர்கள். நீட்சித் துண்டு பொருத்தும் கணக்கைப் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள்: 10 அங்குல ரென்சில் நேர்கோட்டில் 2 அங்குல நீட்சி போட்டு, நட்டுக்கு 120 அங்குல-இறாத்தல் தேவையென்றால், ரென்சை 100இல் வைக்க வேண்டும். கணக்குப் போடாமல் 120இல் வைத்தவர் நட்டுக்கு 144 கொடுத்துவிட்டார். வேலை முடிந்ததும் ரென்சைக் கீழ் எல்லைக்குத் திருப்பி வைப்பதும், சரிபார்த்த திகதி ஒட்டப்படாத ரென்சைத் தொடாமல் விடுவதும் அதே பாடத்தின் பகுதிகள்.

போல்ட் தளராமல் பிணைக்கும் கம்பியான லொக் வயரைக் கட்டுவதை மாணவர் விரும்பிக் கற்பார்கள், ஏனெனில் அழகு உடனே தெரியும். ஆனால் அழகுக்குப் புள்ளி கொடுப்பதற்கு முன் திசையைப் பாருங்கள்: கம்பி இழுக்கும் பக்கம் போல்ட்டை இறுக்கும் பக்கமாக இருக்க வேண்டும். 0.032 அங்குலக் கம்பிக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு. ஒருமுறை கழற்றிய கம்பியை மறுபடி பாவிக்கக் கூடாது; வெட்டிய நுனிகளை எண்ணிப் பொறுக்க வேண்டும்.

ரிவெட்டில் அடிப்படை எண்கள் சிலவே: தகடுகளின் மொத்தத் தடிப்போடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு சேர்ந்தால் நீளம், அடித்து உருவாகும் தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும், தகட்டு ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு விட்டத் தூரம். இவற்றை மனப்பாடம் செய்வதற்குச் சில நாட்கள் போதும். ஆனால் கையேடு கேட்ட ரிவெட் வரிசையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி 520 பேர் இறந்த ஜப்பானிய போயிங் 747 விபத்து சான்று. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு வாற்பக்கம் ஓடுபாதையில் உரசியபின் செய்த திருத்தத்தில், உள்ளே காற்றழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பின்புற அழுத்தச் சுவரின் ஓர் இணைப்பில் சுமையை இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசை மட்டுமே தாங்கியது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது தெரியவில்லை.

உப்புக் காற்று என்னும் ஆசிரியர்

அரிப்பைக் கற்பிப்பதற்குத் திருகோணமலையைவிட நல்ல இடம் இந்தத் தீவில் அரிது. மூன்று பக்கமும் கடல். வாடைக் காலத்தில் ஈரமும் உப்பும். கச்சான் காலத்தில் காய்ந்த சூடு. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வெளியிணைப்பு எஞ்சினின் காலில் பொருத்தியிருக்கும் நாகக் கட்டி தெரியும். அது கரைந்துபோய் அலுமினியத்தைக் காக்கிறது என்பதை அப்பா மாற்றும்போது பார்த்திருப்பார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். விமானத் தகட்டின் ‘2024’ என்னும் எண்ணுடைய அலுமினியக் கலப்புலோகத்தின் மேல் தூய அலுமினியப் படலம் பூசியிருப்பது அதே தத்துவத்தின்படியே: பூச்சு முதலில் கரைந்து உள்ளுலோகத்தைக் காக்கிறது. ஆகவே அந்தப் படலத்தைச் சுரண்டும் எந்தச் செயலும் தவறு. தகட்டில் பென்சிலால் கோடு போடக் கூடாது, ஏனெனில் அதன் பென்சிற்கரி அரிப்பை மூட்டும். இரும்புக் கம்பளியால் தேய்க்கக் கூடாது, ஏனெனில் இரும்புத் துகள் பதிந்து நின்றுவிடும். துரு என்றால் சிவப்பு என்று பழகிய கண்ணுக்கு, அலுமினியத்தின் அரிப்பு வெள்ளைப் பொடியாகவும் பூச்சுக்குக் கீழே கொப்புளமாகவும் வரும் என்பதைப் பொருளைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும்.

பாடநெறி தொடங்கும் மாதத்திலேயே ஒரு பரிசோதனையைத் தொடங்கிவிடலாம். ஒரே அளவான அலுமினியத் துண்டுகளை எடுத்து, சிலவற்றில் சாதாரண உருக்குத் திருகாணியை அப்படியே முடுக்கி, சிலவற்றில் பிறைமரும் அடைப்புப் பசையும் தடவி முடுக்கி, உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலைப் பார்த்த ஒரு கூரையோரத்தில் தொங்கவிடுங்கள். வடகீழ்ப் பருவமழை முடிந்ததும் இறக்கிக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு 1988 ஏப்ரல் 28ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் 24,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 737 விமானத்தின் மேற்கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனதைச் சொன்னால், அது அவர்களுக்குத் தூரத்துச் செய்தியாக இருக்காது. தீவுகளுக்கிடையே குறுகிய பறப்புகளாக 89,680 தடவை பறந்த விமானம் அது. கடற்காற்றில் இணைப்புப் பசை விட்டுப்போய், அரிப்புத் தோன்றி, ரிவெட் துளைகளைச் சுற்றிச் சிறு வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பரிசோதித்தவர்கள் அவற்றைக் காணவில்லை. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார்.

வேலை அட்டையும் கையொப்பமும்

இந்தப் பாடநெறியின் நெஞ்சம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 1983 மே 5ஆம் திகதி மயாமியிலிருந்து நசோவுக்குச் சென்ற மூன்று எஞ்சின் விமானமொன்றில், மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் வற்றியது. உலோகத் துகள் அறியும் கருவிகளை இரவில் மாற்றியபோது, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்கள் பொருத்தப்படவில்லை. வழக்கமாக வளையம் பொருத்திய நிலையிலேயே கைக்கு வந்த பாகம் அன்று வளையமின்றி வந்திருந்தது. புதிய வளையம் போட வேண்டும் என்று வேலை அட்டை சொல்லியிருந்தது. அந்த வரிக்குக் கையொப்பமும் இடப்பட்டிருந்தது. ஒரே இரவில், எல்லா எஞ்சின்களிலும் ஒரே பிழை நேர்ந்தது. நின்றுபோன ஓர் எஞ்சினை மீண்டும் இயக்கி மயாமிக்கே திரும்பினார்கள்.

எனவே ஒவ்வொரு பயிற்சிக்கும், அது ஒரு மூடியைக் கழற்றிப் பூட்டுவதாக இருந்தாலும், வரி வரியான வேலை அட்டை இருக்க வேண்டும். ஒரு வரி முடிந்ததும் அப்போதே கையொப்பம். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் மேலிருந்து கீழே இடப்பட்ட கையொப்பங்களை ஏற்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பின்றி மணியடித்து வேலையை நடுவில் நிறுத்துங்கள். வேறொரு மாணவர் குழு வந்து, பேச அனுமதியின்றி, அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து வேலையைத் தொடரட்டும். எந்த நட்டு விரலிறுக்கத்தில் மட்டும் நிற்கிறது, எந்தக் குழாய் இன்னும் மூடப்படவில்லை என்பது எழுதப்படாமல் போயிருந்தால், இரண்டு குழுக்களும் அதை ஒரே நேரத்தில் கண்டுகொள்ளும். கடமை மாறும் நேரத்தில் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவர இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

தன் பிழையைத் தானே வந்து சொன்ன மாணவருக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். மறைத்தவருக்கு வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தப் பயிற்சியை ரத்துச் செய்யுங்கள். இந்த விதி வகுப்பில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்கு வேண்டிய மாணவருக்கும் அது பொருந்த வேண்டும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் எங்கள் பண்பாட்டில் இருக்கிறது. ஆசிரியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று பழக்கப்பட்ட பிள்ளைகள், நீங்கள் பிழையான அளவைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுச் செய்வார்கள். நாளை விமானக் கொட்டகையான ஹாங்கரில் மூத்தவர் சொல்லும் பிழையையும் அப்படியே செய்வார்கள். மரியாதையைக் குலைக்காமல் மறுக்கும் வாக்கியத்தை நீங்களே கற்றுக்கொடுங்கள்: “சேர், கையேட்டில வேற அளவு கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ.” பிறகு, எச்சரித்துவிட்டு, இடையிடையே வேண்டுமென்றே பிழையான அளவொன்றைச் சொல்லுங்கள். அதைப் பிடித்தவரை வகுப்பின் முன் பாராட்டுங்கள். பெண் பிள்ளைகளும், புதிதாகச் சேர்ந்தவர்களும் இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லும்வரை பயிற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டாம்.

பொருட்களும் பரீட்சையும்

ஆயுள் முடிந்த பிஸ்டன் எஞ்சின் ஒன்று, சேதமான இறக்கைத் தகடுகள், பழைய மின்கம்பித் தொகுதி ஆகியவை கிடைத்தால் முதல் ஆண்டுக்குப் போதும். தானமாக வரும் ஒவ்வொரு பாகத்திலும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று அழியாதபடி பொறித்து, தனி அறையில் பூட்டி வையுங்கள். கழிக்கப்பட்ட பாகம் எந்த வழியிலும் பறக்கும் விமானத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. மோட்டார் எஞ்சினைத் தத்துவம் விளக்கப் பயன்படுத்தலாம், ஆனால் அதிலும் வேலை அட்டையும் கருவி எண்ணிக்கையும் தவறக் கூடாது.

எழுத்துப் பரீட்சைக்கு மூன்று விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினா, வினாவுக்கு 75 வினாடி, சித்திக்கு 75 வீதம் என்ற ஐரோப்பிய அமைப்பையே பின்பற்றினால், மாணவர் பின்னர் அனுமதிப்பத்திரப் பரீட்சைக்குப் போகும்போது தடுமாற மாட்டார்கள். செய்முறைப் பரீட்சையில் முடிந்த வேலைக்கு எத்தனை புள்ளியோ அத்தனையும் அட்டைக்கும் கொடுங்கள்.

ஒவ்வொரு மாணவரும் முதல் நாளிலிருந்து ஓர் அனுபவப் பதிவேட்டை வைத்திருக்கட்டும். திகதி, பாகம் அல்லது விமான வகை, அத்தியாய எண், செய்த வேலை, தானாகச் செய்ததா உதவியாகச் செய்ததா, மேற்பார்வையாளரின் பெயரும் கையொப்பமும் என்ற நிரல்கள் போதும். பின்னாளில் அனுபவத்தை நிரூபிக்கக் கேட்கும்போது நினைவிலிருந்து எழுதிய பதிவேடு செல்லாது. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்தைச் சரிபார்த்து, வெறுமையாக விட்ட நிரல்களைக் கோடிட்டு மூடி, நீங்களும் கையொப்பமிட்டு, பிரதியொன்றை நிலையத்தில் கோப்பிலிடுங்கள்.